உப்பு மட்டும் பொது

ஏலகிரியில் சேர்ந்து ஒரு வீடு வாங்கப் போகிறீர்கள். ஐந்து குடும்பம், ஐந்து பங்கு. போன வாரம் பூங்காவில் நடை முடித்து உட்கார்ந்தபோது என்னையும் ஆறாவதாகக் கூப்பிட்டீர்கள். "நீங்கதான் நிதானமா யோசிப்பீங்க. யார் எப்போ போறது, எத்தனை நாள் இருக்கிறதுன்னு ஒரு முறை போட்டுக் குடுங்க" என்றீர்கள். நான் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். பிறகு, முட்டி வலி, மலையெல்லாம் ஏற முடியாது என்று ஒரு பொய்யும் சொன்னேன். ஏலகிரிக்கு வாசல் வரை பஸ் போகிறது என்பது எனக்கும் தெரியும்.

காரணம் வேறு. நேரில் சொல்ல ஆரம்பித்தால் உங்களில் ஒருவர் நடுவில் சர்க்கரை மாத்திரையைப் பற்றிப் பேசத் தொடங்குவார், இன்னொருவர் மருமகளைப் பற்றி. அதனால் எழுதித் தருகிறேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படியுங்கள்.

நான் காஞ்சிபுரத்தில் பிறந்தவள். பட்டு நெய்கிற குடும்பம். அப்பாவோடு பிறந்தவர்கள் மூன்று ஆண்கள். மூத்தவர் பெரியப்பா, பெரிய காஞ்சிபுரத்தில் நாலு தறி வைத்திருந்தார். அவருக்கு ஆறு பிள்ளைகள். நடுவில் அப்பா, சின்ன காஞ்சிபுரத்தில் இரண்டு தறி. அவருக்கு நான் ஒருத்தி. கடைசியில் சித்தப்பா, படித்துவிட்டு ஆபீசுக்குப் போனவர். புதிதாகக் கல்யாணம் ஆனவர். இரண்டு காஞ்சிபுரத்துக்கும் நடுவில் நடந்து போகிற தூரம்தான். ஆனால் தறி ஓடுகிற வீட்டில் விருந்தாளிக்கு இடமில்லை. பெரியவர்கள் தறியில், பெண் பிள்ளைகள் ராட்டினத்தில் இழை சுற்றிக்கொண்டு, சின்னதுகள் எடுபிடி வேலையில். பெரியப்பாவின் மூத்த பெண்ணை, என் அக்காவை, நான் வருஷத்தில் நாலைந்து முறை பார்த்தால் அதிகம். எங்கள் வீட்டில் நானும் இரண்டு தறிச் சத்தமும்தான்.

தறி நிற்பது மழைக்காலத்தில். அந்தக் காலத்துத் தறிகள் தரையில் குழி தோண்டி, அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்பவை. ஐப்பசி அடைமழையில் குழிக்குள் ஊற்றுத் தண்ணீர் ஏறிவிடும். ஈரக் காற்றுப் பட்டால் ஜரிகை கறுக்கும். தெருவில் பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போடவும் முடியாது. பாவைச் சுருட்டித் துணியில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டால், பிறகு கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஊரெல்லாம் சித்திரை வெயிலில் லீவு விட்டுக் கொண்டாடும். எங்களுக்கு லீவு மழையில்தான். பள்ளிக்கூடமும் ஓட்டுக் கூரை ஒழுகி, பாதி நாள் மூடிக் கிடக்கும்.

ஒரு வருஷம் முகூர்த்தங்கள் நிறைய வந்தன. பட்டு விற்றதில் பெரியப்பா, அப்பா கையிலும், சம்பளத்தில் சித்தப்பா கையிலும் கொஞ்சம் பணம் தங்கியது. தாமல் ஏரிக்கரையோரம் ஓர் ஓட்டு வீடு விலைக்கு வந்தது. விவசாயக் குடும்பம் ஒன்று அதை விற்றுவிட்டு மெட்ராசுக்குப் போனது. மூன்று பேரும் சேர்ந்து வாங்கினார்கள். வருஷம் முழுக்கக் குழிக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், மழைக்காலத்திலாவது நிமிர்ந்து உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்போம் என்பது பெரியப்பாவின் யோசனை. "நெசவாளிக்கு இன்னாத்துக்குடா பங்களா?" என்று தெருவில் கிண்டல் செய்தார்கள். மூன்று அறை, ஒரு தாழ்வாரம், ஒரு கிணறு, ஒரு புளியமரம். பங்களா என்றால் பங்களாதான்.

முதல் வருஷ மழைக்கு எல்லோரும் சேர்ந்து போனோம். பதிமூன்று பேர். புளியமரத்தில் பெரியப்பா கயிறு கட்டி ஊஞ்சல் போட்டார். ஒரே அண்டாவில் சோறு. இரவில் எந்தக் கை யாருடையது என்று தெரியாமல் வரிசையாகப் படுத்துக் கிடந்தோம். எனக்கு அக்காவின் பக்கத்து இடம். இதுதான் வாழ்க்கை, இத்தனை நாள் நான் வேறு எங்கோ தவறிப்போய் இருந்திருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது.

பெரியவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒழுகாத அறை ஒன்றுதான். அது சித்தப்பாவுக்கும் சித்திக்கும் போனது. பெரியம்மாவுக்கு அதில் வருத்தம். பெரியப்பா வீட்டுப் பையன்கள் என் அம்மாவின் முறுக்கு டப்பாவைக் காலி செய்தார்கள். அம்மா அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். விறகு யார் வாங்கியது, பால்காரிக்கு யார் கொடுத்தது என்று வளர்ந்தது. சித்தி தலைவலி என்று இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. இவ்வளவுதான். இதைவிடப் பெரிய சண்டைகளை நாம் பூங்கா பெஞ்சுக்காகப் போட்டிருக்கிறோம்.

ஆனால் அவர்கள் பயந்துவிட்டார்கள். வீட்டால் அண்ணன் தம்பிகள் பிரிந்தார்கள் என்று தெருவில் யாரும் சொல்லிவிடக் கூடாது. அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் ஓர் அமாவாசையன்று பெரியப்பா வீட்டில் உட்கார்ந்தார்கள். அமாவாசைக்கு எங்கள் தெருக்களில் தறியில் கை வைக்க மாட்டார்கள்; பேச வேண்டியதெல்லாம் அன்றைக்குத்தான்.

"எல்லாரும் ஒரே சமயத்துல போனா சரியா வராதுபா" என்று பெரியப்பா ஆரம்பித்தார். "தனித்தனியா போவோம். எப்படிப் பிரிக்கிறது, அதைச் சொல்லுங்க."

"பங்கு மூணு. நாளையும் மூணாப் பிரிச்சிக்கலாம். சிம்பிள்" என்றார் சித்தப்பா.

உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "நாங்க எட்டுப் பேரு இருக்கிறோம். அவங்க மூணு பேரு, இவங்க ரெண்டு பேரு. நாளை சமமாப் பிரிச்சா அது சமமா?"

"தலைக்கு இத்தனைன்னு பிரிக்க இது ரேஷன் கடையா அண்ணி?" என்றார் சித்தப்பா. "எனக்கு ஆபீஸ்ல லீவு கெடைக்கணும். எனக்குத் தோதான நாளை மொதல்ல எடுத்துக்கிறேன், மிச்சத்தை நீங்க பிரிச்சிக்கோங்க."

"அது எந்த ஊர் நியாயம்டா?" என்று பெரியப்பா சிரித்தார்.

சீட்டுக் குலுக்கலாமா என்று பேச்சு வந்தது. குலுக்கினால் தீபாவளி ஒருத்தருக்கே விழுந்துவிடும் என்றார்கள். அப்பா அதுவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அவர் உட்கார்ந்திருக்கும்போதுகூட வலது கால் தானாக மெல்ல அழுந்தி எழும். தறியில் மிதித்து மிதித்து வந்த பழக்கம். அந்தக் கால் நின்றது.

"கோயில்ல எப்படிணா வெச்சிருக்கிறாங்க?" என்றார். "மண்டகப்படிக்கு மொறை இருக்குது இல்ல? நம்ம நாளுன்னா நாம. அவங்க நாளுன்னா அவங்க. எத்தினி தலைமொறையா நடந்துக்கினு வருது, யாருனா சண்டை போட்டாங்களா? மொறைன்னா மொறை. ஒருத்தர் மொறையில இன்னொருத்தர் கால் வெக்கக் கூடாது. எதை மாத்தறதுன்னாலும் மூணு பேரும் சரின்னு சொன்னாத்தான்."

மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.  கோயிலைச் சொன்ன பிறகு என்ன பேச?

திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டின் பொறுப்பு. அன்றைக்குச் சாமிக்கு முன்னால் முதலில் நிற்பதும், மாலை வாங்கித் தலையில் பரிவட்டம் கட்டிக்கொள்வதும் அந்த வீட்டுக்காரர்தான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நியாயம் என்றால் இந்த ஒரு வடிவம்தான் தெரியும். அது நல்ல வடிவம்தான், குறை சொல்லவில்லை. பரிவட்டத்தை ஒரு நேரத்தில் ஒரு தலைக்குத்தான் கட்ட முடியும். ஆனால் ஏரிக்கரை வீட்டில் பரிவட்டம் எங்கே வந்தது? சேர்ந்து இருக்கத்தானே அதை வாங்கினார்கள்? இதை அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. முறுக்கு டப்பா பத்திரமாக இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். பிள்ளைகளைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. மூன்று பேரும் சரி என்றால் எல்லோரும் சரி என்றுதான் அர்த்தம்.

ஒரு முறைக்கு எட்டு நாள். முதலில் பெரியப்பா, பிறகு நாங்கள், பிறகு சித்தப்பா; மறுபடி பெரியப்பா. மழை விடும் வரைக்கும் இப்படிச் சுற்றிவர வேண்டும். சமையலறை மர அலமாரியில் மூன்று தட்டுக்கும் மூன்று கதவு வைத்து மூன்று பூட்டுப் போட்டார்கள். அவரவர் அரிசி, அவரவர் புளி, அவரவர் மண்ணெண்ணெய். உப்பு ஜாடி மட்டும் வெளியே இருந்தது. உப்பைப் பூட்டி வைப்பது நன்றாக இருக்காது என்று அம்மா சொன்னாளாம். உப்பு மட்டும் பொது.

எங்கள் முதல் முறை வந்தது. நாங்கள் பஸ்ஸில் போய்த் தாமல் கூட்ரோட்டில் இறங்கினோம். எதிர்ப்பக்கம் பெரியப்பா குடும்பம் மூட்டை முடிச்சோடு நின்றது. அந்தச் சாலையில் ஆற்காட்டுப் பக்கம் போகிற பஸ்ஸும் திரும்பி வருகிற பஸ்ஸும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அங்கே வரும். நாங்கள் இறங்கி, பெரியப்பா சாவியை அப்பா கையில் கொடுத்து, பெரியம்மா அம்மாவிடம் "கெணத்துக் கயிறு இத்துப் போயிருக்குது, பார்த்து எறைமா" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் பஸ் வந்துவிட்டது. அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். நான் ஓடிப்போய் விரலைத் தொட்டேன். பஸ் கிளம்பிவிட்டது. பக்கத்து நிலத்துக்காரம்மா களை வெட்டுகிற கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னாபா இது, ஒருத்தர் வந்தா ஒருத்தர் போறீங்க? போலீஸ்காரங்க டூட்டி மாத்திக்கிற மாதிரி இருக்குது!" அப்பா பெருமையாகத்தான் சிரித்தார்.

அந்த எட்டு நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் தாழ்வாரத்து ஈர வாசனை வருகிறது. போன வருஷம் அத்தனை பேர் படுத்த இடத்தில் மூன்று பாய். ஓட்டிலிருந்து விழுகிற தண்ணீருக்கு அம்மா பித்தளை அண்டாவை வைத்திருந்தாள். அது நிறைய நிறையச் சத்தம் மாறிக்கொண்டே வரும். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தாழ்வாரத்துத் தரையில் அவர்கள் பாண்டி விளையாடக் கரியால் போட்ட கோடுகள் இருந்தன. ஓரமாக இருந்தவை சாரலில் அழிந்துபோயிருந்தன. அதில் தனியாகத் தாண்டினேன். தப்பாகக் கோட்டை மிதித்தால் "அவுட்" என்று சொல்ல ஆளில்லை. நானே சொல்லிக்கொண்டேன். பல்லாங்குழியில் வலது கைக்கும் இடது கைக்கும் போட்டி வைத்தேன்; வலது கைதான் எப்போதும் ஏமாற்றும். ஊஞ்சல் கயிறு பெரியப்பாவுடையது, அதனால் அவர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கிளையில் பட்டை தேய்ந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"வெளையாடேம்மா, எவ்ளோ எடம் இருக்குது பாரு. யாரும் உன்னைத் தள்ள மாட்டாங்க" என்பார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் திருப்தி இருந்தது. எனக்கு நல்லது செய்துவிட்டதாகவே அவர் நம்பினார். எனக்கோ, யாராவது வந்து என்னைத் தள்ளிவிட மாட்டார்களா என்று இருந்தது.

இரண்டாவது முறை கார்த்திகையில் வந்தது. அதற்குள் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆரணியில் மாப்பிள்ளை, தையில் முகூர்த்தம். அன்றைக்குக் காலையில் காஞ்சிபுரத்தை விட்டுக் கிளம்பும்போதே வானம் தலைமேல் உட்கார்ந்திருந்தது. கூட்ரோட்டில் இறங்கினோம். வழக்கம்போலப் பெரியப்பா சாவியைக் கொடுத்தார். எதிர்ப் பஸ் மட்டும் வரவில்லை. மழையில் நின்றோம், சாலையோரத்து மரத்தடிக்குப் போய் நின்றோம், மறுபடி வந்து நின்றோம். கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் சொன்னார்: "முசரவாக்கத்தாண்ட தண்ணி ரோட்டு மேல ஏறிடுச்சிபா. நீங்க வந்ததுதான் கடைசி பஸ்ஸு. ஏரியும் கோடி போவுது. வீட்டுக்குப் போய்ச் சேருங்க."

பதினோரு பேரும் வீட்டுக்குத் திரும்பினோம்.  பெரியம்மா வாசலிலேயே நின்றாள், அடுத்தவர் வீட்டுக்கு வந்ததைப்போல. "உள்ள வாங்கக்கா, நனையறீங்க" என்றாள் அம்மா. "உங்க மொறையாச்சேமா" என்றாள் பெரியம்மா. அம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

மூன்று நாள் ரோடு திறக்கவில்லை. ஏரி நிரம்பி வழிகிற இரைச்சல் ராப்பகலாகக் கேட்டது. பக்கத்தில் இருப்பவரோடும் கத்தித்தான் பேச வேண்டும். பெரியப்பாவின் தட்டு காலியாகிவிட்டது, எங்கள் அரிசி மூன்று பேருக்கானது. இரண்டாம் நாள் பெரியப்பா ஒரு கல்லை எடுத்துச் சித்தப்பாவின் பூட்டை உடைத்தார். "தம்பிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். உள்ளே அரிசியும் பருப்பும் ஒரு பாட்டில் ஆர்லிக்சும் இருந்தன. ஆர்லிக்சைப் பார்த்ததும் பெரியம்மாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள், நிறுத்தவே முடியவில்லை. போன வருஷத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்பாவும் பெரியப்பாவும் கரித்துண்டால் தரையில் கட்டம் போட்டு ஆடு புலி ஆட்டம் ஆடினார்கள். "டேய், புலியைத் தூக்கினு எங்கடா போற? திருட்டுப் பயலே, சின்ன வயசுலயும் இதே வேலைதான்!" என்று பெரியப்பா கத்துவார். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவுக்குச் சிரிப்பு அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எனக்கு அக்காவின் பக்கத்து இடம் திரும்பக் கிடைத்தது. ஒரே போர்வை. அவள் விரல் நுனிகள் இழை சுற்றிச் சுற்றிச் சொரசொரவென்று இருக்கும். அந்த விரலால் என் தலையில் பேன் பார்ப்பாள். ஆரணியைப் பற்றி எனக்கென்னவோ தெரியும் என்பதைப்போல என்னிடம் கேட்பாள். "அங்க ஏரி இருக்குமா? அந்த வீட்டுல எங்கூடப் பேசறதுக்கு யாருனா இருப்பாங்களா?" மூன்றாம் நாள் மழை கொஞ்சம் தணிந்தபோது சொன்னாள்: "அடுத்த மொறைதான் எனக்கு இங்க கடைசி. நீ எங்ககூடயே வந்துடு. எட்டு நாளும் நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம். நான் அப்பாகிட்ட சொல்றேன்." பெரியப்பா அதைக் கேட்டுவிட்டு, "வரட்டுமே, இன்னா இப்போ" என்றார். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நான்காம் நாள் பஸ் ஓடியது, அவர்கள் போனார்கள். நான் அழவில்லை. எனக்குத்தான் இன்னும் எட்டு நாள் வரப்போகிறதே.

அடுத்த அமாவாசைக்கு மூன்று பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள். நானும் அம்மாவும் போயிருந்தோம். பெரியப்பா முதலில் சித்தப்பாவுக்கு ஒரு புதுப் பூட்டைக் கொடுத்தார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, உன் மொறையில மூணு நாள் நாங்க இருந்துட்டோம்."

"அதனால இன்னாணா? மழைக்கு யார் இன்னா பண்றது?"

"மழையோ வெயிலோ, உன் நாளு உன் நாளுதான். நீ போட்ட மொறை. மூத்தவனே அதை மீறினா நல்லா இருக்காது. வர்ற என் மொறையில மூணு நாளை நீ எடுத்துக்கோ."

"வேணாம்ணா."

"எடுத்துக்கோ அண்ணே" என்றார் சித்தப்பா. "இன்னைக்குப் பரவாயில்லைன்னு விட்டா நாளைக்கு இதுவே பழக்கமாயிடும். ரூல்னா ரூல்."

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார், பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். வேண்டாம் என்று இன்னொரு தடவை அப்பா சொல்லியிருக்கலாம். சொன்னால், அண்ணன் தன் முறையை மீறியதைத் தான் பெரிய மனதோடு மன்னித்ததாக ஆகிவிடும்; மூத்தவரை அப்படிக் கடன்பட வைக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். எடுத்துக்கொள்கிறேன் என்று தலையாட்டினார். மூன்று பேரும் சரி என்றாகிவிட்டது. எங்கள் மூன்று சந்தோஷமான நாளை அவர்கள் தப்பு நடந்த நாளாக எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடு கட்டி முடித்தார்கள்.

"எங்களுக்கு வேணாம்!" என்று நான் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "பெரியவங்க பேசற எடத்துல உனக்கு இன்னா வேலை?" என்று சித்தப்பா அதட்டினார். அக்கா அந்த நேரத்தில் வீட்டில் இல்லை. கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போயிருந்தாள்.

மிச்சமிருக்கிற ஐந்து நாளுக்காவது என்னை அவர்களோடு அனுப்பச் சொல்லி அம்மா வீட்டில் கேட்டாள். அப்பா மறுத்துவிட்டார். "அவரே மூணு நாளை விட்டுக் குடுத்துட்டாரு. மிச்சம் இருக்கிறதுலயும் நம்ம புள்ளையைக் கொண்டுபோய்த் தள்றதா? நல்லாவா இருக்கும்?" அப்பா நல்லவர். அவரைப்போல நியாயமான மனிதரை நான் பிறகும் பார்த்ததில்லை. அவர் கொஞ்சம் அநியாயக்காரராக இருந்திருந்தால் அந்த மாதம் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாவது முறைக்கு மூன்று நாள் முன்னதாகவே போய் இறங்கினோம். சாவி கை மாறியது. அக்கா என் பக்கம் திரும்பவில்லை. நான் கிட்டே போனேன். பஸ் வந்து நின்றது, பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள். படியில் ஒரு காலை வைத்தபடி அவள் சொன்னாள்: "மூணு நாளை எண்ணி வாங்கிட்டீங்க இல்ல? போ, நல்லா வெளையாடு."

நாங்கள் கேட்டு வாங்கியதாகத்தான் அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

கல்யாணத்தில் அவளைப் பிடித்துச் சொல்லிவிட நினைத்தேன். மணவறைக்குப் போகிற வழியில், "நாங்க கேக்கலைக்கா" என்றேன். "இன்னாடி?" என்றாள், மாலையும் புகையுமாக இருந்த கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. பல வருஷம் கழித்து, அவளுக்கும் எனக்கும் தலை நரைத்த பிறகு, ஆரணிக்குப் போனபோது சொன்னேன். அவளுக்கு அப்படி ஒன்று சொன்ன நினைவே இல்லை. "போடி பைத்தியம்" என்று சிரித்தாள். பெரியம்மா அப்போது அவளோடுதான் இருந்தாள், கண் தெரியாமல். அவள் மட்டும் கட்டிலில் இருந்தபடி சொன்னாள்: "உங்கப்பா ஒரு வார்த்தை, 'இருங்க, சேர்ந்து இருப்போம்'னு சொல்லியிருந்தா நாங்க பஸ்ஸே ஏறியிருக்க மாட்டோம்மா. மொறை போட்டவரு ஆச்சே, அவரா சொல்லட்டும்னு இருந்துட்டோம்." எனக்கு அழுகை வந்தது. அந்த வீடு எப்போதோ கை மாறிப் போயிருந்தது.

அந்தத் திருப்பிக் கொடுத்த மூன்று நாளுக்கு வருகிறேன். மழை அவ்வளவாக இல்லை. நான் பாண்டி ஆடவில்லை, பல்லாங்குழியை எடுக்கவில்லை. அப்பாவோடு பேசவும் இல்லை. அவர் தாழ்வாரத்தில் தனியாகக் கட்டம் போட்டு, ஆட்டையும் தானே நகர்த்தி, புலியையும் தானே நகர்த்திக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கையால் கோட்டைத் துடைத்துவிட்டார். "வாம்மா, ஒரு ஆட்டம் போடலாம்" என்று கூப்பிட்டார். நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

தினமும் பஸ் வருகிற நேரத்துக்கு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "கூட்ரோடு வரைக்கும் போய்ட்டு வர்றேன்" என்பார். எதற்கென்று அம்மா கேட்கவில்லை. மூன்றாம் நாள், "நீயும் கூடப் போ" என்று என்னை அனுப்பினாள். முறைத்துக்கொண்டே அவர் பின்னால் போனேன்.

காஞ்சிபுரத்திலிருந்து வருகிற பஸ் வந்து நின்றது. ஒரு பெரியவர் புண்ணாக்கு மூட்டையோடு இறங்கினார். வேறு யாரும் இறங்கவில்லை. அப்பா ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே பஸ்ஸின் பின்பக்கம் வரைக்கும் நடந்தார். "ஏறலையா?" என்று கண்டக்டர் கேட்டார். "இல்லபா, சும்மாதான்" என்றார் அப்பா. பஸ் போய்விட்டது.

"உங்க பெரியப்பா வருவாருன்னு பார்த்தேன்" என்றார் என்னிடம். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார். "ஒரு நாளைக்கு, சும்மானாச்சும் வந்துட்டுப் போலாம் இல்ல?"

"இது நம்ம மொறைப்பா" என்றேன் நான். "அவங்க எப்படி வருவாங்க?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா" என்றார். வேட்டி நுனியைக் கீழே விட்டுவிட்டு மறுபடியும், "ஆமாமா, கரெக்ட்டுதான்" என்றார்.

ஏரிக்கரை மேல் நடந்து திரும்பினோம், அவர் முன்னால், நான் பின்னால். பெரியப்பா கொடுத்த மூன்று நாள் அன்றோடு முடிந்திருந்தது. அந்த வீட்டில் எங்களுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.